அக்காவின் படபடப்புக்கு விடை சொன்ன ரத்தப் பரிசோதனை

ரத்த அழுத்தம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆனால், அரிய கட்டி ஒன்றும் அதற்குக் காரணமாகலாம் என்பது அக்காவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அக்காவுக்கு 36 வயது. திடீரெனத் தலைவலி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு வரும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். மருந்தகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ரத்த அழுத்தமும் இறங்கிவிடும். “வேலை உளைச்சல்” என்றே பலரும் சொன்னார்கள். ஒருநாள் படபடப்பின்போதே வீட்டில் அளந்தோம்: 200/120. அதைப் பார்த்த மருத்துவர் ‘மெட்டானெஃப்ரின்’ ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அவற்றின் உட்பகுதியில் வளரும் ஒருவகைக் கட்டியின் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. இது விட்டுவிட்டே அட்ரினலினை வெளியேற்றும். அதனால் அட்ரினலினை மட்டும் அளந்தால் கட்டி நம் கண்ணில் படாமல் போகலாம். ஆனால், கட்டிக்குள் அட்ரினலின் சிதைந்து உருவாகும் மெட்டானெஃப்ரின் இடைவிடாமல் ரத்தத்தில் கலக்கிறது. படபடப்பு இல்லாத நாளிலும் பிடிபட்டுவிடும்.

இதற்குச் சில ஆயத்தங்கள் தேவை. அக்காவை 30 நிமிடம் படுக்கவைத்து, படுத்தபடியே ரத்தம் எடுத்தார்கள். உட்கார்ந்து எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். காப்பி, சிகரெட் கூடாது. சில மனச்சோர்வு மாத்திரைகளும், சில ஆய்வுக்கூட முறைகளில் பாரசிட்டமாலும் முடிவைக் குழப்பும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

முடிவு இயல்பாக இருந்தால், இந்தக் கட்டி இல்லையென்று பெரும்பாலும் நம்பலாம். சற்றே உயர்ந்திருந்தால் பதற வேண்டாம். மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். அக்காவுக்குப் பல மடங்கு உயர்ந்திருந்தது. சிடி ஸ்கேனில் 4 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. இரண்டு வாரம் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

அடுத்த கேள்வி என்னைப் பற்றியது. இக்கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது மரபுவழி வருகிறது. அக்காவும் அவர்களில் ஒருவர். தங்கையான எனக்கும் அந்த மரபணு இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. “கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்கிறார் அம்மா. ஆனால், கண்டறியப்படாத இக்கட்டி கர்ப்பகாலத்தில் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. அதை அம்மாவிடமும், நான் மணக்கவிருப்பவரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நானும் பரிசோதனைக்குப் போகிறேன்.