உட்கார முடியாத வலியும் நரம்பு பிளாக் ஊசியும்

சிலருக்கு நின்றால் வலி இல்லை, படுத்தால் வலி இல்லை. உட்கார்ந்த சிறிது நேரத்தில் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி எரியத் தொடங்கும். பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரி என்றே வரும். சொல்லக் கூசும் இடம் என்பதால் மூலம், உடல் சூடு என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறோம். நம் பெண்கள் இதை வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். தொழுகையின் இருப்பில் அமர முடியாமல் தவிப்பவர்கூட வீட்டில் காரணத்தைச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு காரணம் புடெண்டல் என்ற நரம்பு. முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பும் இது, இடுப்பில் இரண்டு இணைப்பு நார்களுக்கு நடுவே நுழைந்து, ஆல்காக் கால்வாய் எனும் குறுகிய பாதை வழியே செல்கிறது. கடினமான பிரசவம், அறுவை சிகிச்சை, அதிக சைக்கிள் ஓட்டம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை ஆகியவற்றால் அது நசுங்கலாம்.

இதைக் கண்டறிய, பிரான்சின் நாந்த் நகரப் பெயரில் 2008இல் ஐந்து அளவுகோல்கள் வெளியாயின. இந்த நரம்பு செல்லும் பகுதியில் வலி, உட்கார்ந்தால் அதிகரிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பாதது, அந்த இடம் மரத்துப்போகாதது ஆகியவை நான்கு. (கழிப்பறை இருக்கையில் மட்டும் வலி குறைவதாகப் பலர் சொல்வார்கள். நடுப்பகுதி அழுந்தாததே காரணம்.) ஐந்தாவதுதான் பிளாக் ஊசி. ஸ்கேன் திரையில் பார்த்தபடி, நரம்பின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். வலி அடங்கினால் சந்தேகம் வலுக்கும். ஆகவே இந்த ஊசி சிகிச்சை மட்டுமல்ல, ஒரு சோதனையும்கூட.

பலன் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு வாரங்கள். ஒரே ஊசியில் தீர்ந்துவிடும் என்று யாராவது உறுதி தந்தால் நாம் நம்ப வேண்டியதில்லை. ஸ்டீராய்டும் சேர்த்துப் போடுவது வழக்கம். ஆனால் 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அதனால் கூடுதல் நன்மை தெரியவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் அந்தப் பகுதியோ காலோ சில மணி நேரம் மரத்துப்போகலாம். எனவே துணைக்கு ஒருவர் வேண்டும்.

இரவில் எழுப்பும் வலி, ரத்தப்போக்கு, நீங்காத மரப்பு, திடீரெனச் சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் இந்த ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் வேறு காரணங்களைத் தேட வேண்டும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் முன்பதிவின்போதே கேட்கலாம். ஊசி போட்ட அன்று வழக்கம்போல் உட்கார்ந்து பார்த்து, வலி எத்தனை மணிக்குக் குறைந்தது, எப்போது திரும்பியது என்று குறித்து வையுங்கள். அடுத்து பிசியோதெரபியா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அந்தக் குறிப்பு உதவும்.