புகைபோக்கிக்கு ஒரு சட்டம்

எங்கள் ஊர் துறைமுக ஊர். கடற்கரைச் சாலையில் சற்று நேரம் நின்றால், தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சிறு வயதில் நாங்கள் கப்பல் படம் வரைந்தபோதெல்லாம், மேலே ஒரு புகைபோக்கியையும் அதிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பும் கரும்புகையையும் வரையாமல் விட்டதில்லை. புகை இருந்தால் கப்பல் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்தப் புகைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

இவ்வாண்டு அமில மழையைப் பற்றிப் படித்தபோதுதான் அக்கேள்வி எழுந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை கப்பலில் எஞ்சின் அறையில் பணிபுரிபவர். அவர் விடுமுறையில் வந்திருந்த சமயம் பார்த்து, நாங்கள் நால்வர் அவர் வீட்டுக்குச் சென்று, ஒரு மாலைப் பொழுது முழுவதும் அவரைக் கேள்விகளால் துளைத்து விட்டோம். அவர் கூறியவற்றையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்தவற்றையும், எங்கள் விஞ்ஞான ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் திருத்திக் கொடுத்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், கப்பல் எதை எரிக்கிறது? பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சிப் பிரிக்கும்போது, எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று நல்லவை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே பிரிந்து போகின்றன. வெண்ணெய் உருக்கிய சட்டியின் அடியில் கசண்டு தங்குவது போல, கடைசியில் கறுப்பான ஒரு கசடு மிஞ்சுகிறது. (வெண்ணெய்க் கசண்டையாவது நாங்கள் சர்க்கரை தொட்டுத் தின்று விடுவோம்!) இந்தக் கசடைத்தான் பல்லாண்டுகளாகக் கப்பல்கள் தின்று வந்தன. குளிர்ந்தால் அது தார் போல இறுகி விடும். எனவே தொட்டியிலேயே நீராவிக் குழாய்களால் சூடாக்கி இளக்க வேண்டும்; எஞ்சினுக்குள் பீய்ச்சும் முன் மறுபடியும் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் இதை ஏன் வாங்கினார்கள்? விலை குறைவு. தவிர, நடுக்கடலில் புகையை யார் பார்க்கப் போகிறார்கள்?

கச்சா எண்ணெயில் உள்ள கந்தகத்தில் பெரும் பங்கு இந்தக் கசடிலேயே தங்கி விடுகிறது. கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்ஸைடு என்னும் காரமான வாயு உண்டாகிறது. 32 கிராம் கந்தகம் 32 கிராம் பிராணவாயுவுடன் சேர்ந்து 64 கிராம் வாயு ஆகிறது என்பதை நாங்கள் பாடத்தில் கணக்காகப் போட்டிருக்கிறோம். அதாவது எடை இரட்டிப்பாகிறது. ஒரு பெரிய சரக்குக் கப்பல் நாளொன்றுக்கு 100 டன் எண்ணெய் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் 3.5 சதவிகிதம் கந்தகம் இருந்தால், ஒரே நாளில் 7 டன் கந்தக டை ஆக்ஸைடு வெளியேறும். கணக்கைப் போட்டு முடித்ததும் எங்களுக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தோம்.

தரையில் ஓடும் வண்டிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் டீசலில் ஒரு டன்னுக்கு 10 கிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. கப்பல் எண்ணெயிலோ, 2019 முடிய, ஒரு டன்னுக்கு 35 கிலோ வரை இருக்கலாம் என்று விதி இருந்தது!

இவ்வாயு காற்றில் கலந்ததும் சும்மா இருப்பதில்லை. ஒரு பகுதி மேகத்தில் கரைந்து கந்தக அமிலமாகி மழையோடு இறங்குகிறது. மறு பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மாறி, காற்றோடு நூற்றுக்கணக்கான மைல்கள் பயணம் செய்து, மூச்சோடு நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடுகிறது. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு இழுப்பு நோய் உண்டு. பனிக்காலத்தில் இரவெல்லாம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார். நுண்துகள் என்று புத்தகத்தில் படிக்கும்போது எங்களுக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை ஐந்து நாட்கள் மூடியிருந்த நிலக்கரிப் புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அத்தொகையை இன்னும் உயர்த்தின. அது கப்பல் புகை அன்று. ஆனால் அதே கந்தகம்தான்.

1960-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டின் ஏரிகளில் மீன்கள் குறைந்து, நீர் அமிலமாகி வந்தது. ஸ்வாந்தே ஓடேன் என்ற விஞ்ஞானி, இந்தக் கந்தகத்தில் பெரும் பகுதி பிற நாடுகளின் புகைபோக்கிகளிலிருந்து காற்றில் வந்தது என்று எடுத்துக் காட்டினார். புகைக்குக் கடவுச்சீட்டு ஏது? 1979-இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, ஐரோப்பாவின் ஆலைகளிலிருந்து வந்த கந்தகம் ஆண்டுதோறும் குறைந்தது. தரை சுத்தமாகச் சுத்தமாக, பால்டிக் கடலிலும் வட கடலிலும் ஓடிய கப்பல்களின் பங்கு தனியாகத் துருத்திக் கொண்டு தெரிந்தது.

ஆலையை அந்நாட்டு அரசாங்கம் கட்டுப்படுத்தலாம். கப்பலை யார் கட்டுப்படுத்துவது? உடைமையாளர் ஒரு நாட்டவர், கொடி பனாமாவுடையது, மாலுமிகள் நம் ஊர்க்காரர்கள், சரக்கு வேறெங்கோ போகிறது. ஒரு நாடு மட்டும் சட்டம் போட்டால், கப்பல் கொடியை மாற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் எல்லா நாடுகளும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். கடல் மாசுபடுவதைத் தடுக்க 1973-இல் அவர்கள் செய்த ‘மார்போல்’ உடன்படிக்கையில், காற்றைப் பற்றிய ஆறாவது இணைப்பு 1997-இல்தான் சேர்ந்தது. உலகக் கப்பல் எடையில் பாதியேனும் கொண்ட 15 நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகே அது செல்லும் என்பது விதி. அதற்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன! 2005 மே 19 அன்று அமலுக்கு வந்தது. வந்த சட்டம் என்ன சொன்னது? கந்தகம் 4.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்றது. கப்பல்கள் எரித்த எண்ணெயிலோ சராசரி ஏறக்குறைய இரண்டரை சதவிகிதமே இருந்தது. ஆறடி உயரத்தில் கயிறு கட்டி விட்டு, நாலடிப் பிள்ளையைப் பார்த்துக் குனிந்து போ என்று சொன்னது போல இருக்கிறது இது.

ஆனால் அச்சட்டத்தில் நல்லதொரு வழியும் இருந்தது. சில கடல்களைத் தனியே பிரித்து, அங்கு மட்டும் கடுமையான எல்லை வைக்கலாம் என்பதே அது. 2006-இல் பால்டிக் கடல் முதலாவதாக அவ்வாறு ஆயிற்று. அடுத்த ஆண்டு வட கடலும் ஆங்கிலக் கால்வாயும் சேர்ந்தன. முதலில் 1.5 சதவிகிதம், 2010-இல் 1 சதவிகிதம், 2015 ஜனவரி 1 முதல் 0.10 சதவிகிதம். மேலே நாங்கள் போட்ட கணக்கில் 7 டன்னாக இருந்தது, இங்கே 200 கிலோவாகி விடுகிறது. உலகம் முழுவதற்குமான எல்லை 2012-இல் 3.5 ஆகவும், 2020 ஜனவரி 1 அன்று 0.50 ஆகவும் இறங்கியது. இதை 2025 வரை தள்ளிப் போடலாமா என்று ஒரு பேச்சு இருந்தது. அப்படித் தள்ளிப் போட்டால் உலகில் 5,70,000-க்கும் அதிகமானோர் அகால மரணமடைய நேரிடும் என்று பின்லாந்து நாடு ஓர் ஆய்வைச் சமர்ப்பித்தது. 2016 அக்டோபரில், 2020-தான் என்று முடிவாயிற்று.

சட்டம் போட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். அதைச் செய்து காட்டியவர்கள் எஞ்சின் அறையில் இருந்தவர்கள். 2016-இல் தோழியின் தந்தை இருந்த கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்ததாம். எல்லைக்கு முன்பே கொதிக்கும் கனத்த எண்ணெயை நிறுத்தி, குளிர்ந்த மெல்லிய டீசலுக்கு மாற்றியாக வேண்டும். எண்ணெய்ப் பம்புக்குள் மயிரிழை இடைவெளியில் உலோகம் உலோகத்துக்குள் ஓடுகிறது. வெப்பம் மளமளவென்று இறங்கினால் அது இறுகிப் பிடித்துக் கொள்ளும். நிமிடத்துக்கு இரண்டு டிகிரி என்ற கணக்கில் மணிக்கணக்காக மெல்ல மெல்ல இறக்க வேண்டும். “தார் குடிச்சே பழகின எஞ்சின், பிள்ளைகளா. திடீர்னு தண்ணி மாதிரி எண்ணெய் கொடுத்தா மக்கர் பண்ணத்தானே செய்யும்?” என்றார் அவர். அன்று யாரோ அவசரப்பட்டு விட்டார்கள். சுற்றிலும் கப்பல்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருக்க, எஞ்சின் நின்று விட்டது. இருபது நிமிடங்கள்! “அந்த அமைதி மாதிரி பயங்கரம் வேறே கிடையாது” என்று அவர் சொன்னபோது, தேநீர் கொண்டு வந்த தோழியின் தாயார் அப்படியே நின்று விட்டார். அவருக்கு அதுவரை அது தெரியாதாம்.

எண்ணெயை மாற்றாமலே சமாளிக்க இன்னொரு வழி ‘ஸ்க்ரப்பர்’. புகைபோக்கிக்குள் கடல் நீரைத் தூவிக் கந்தகத்தைக் கழுவி எடுப்பது. சில ஆயிரம் கப்பல்கள் இதைப் பொருத்திக் கொண்டு, மலிவான பழைய எண்ணெயையே எரிக்கின்றன. விதியில் இதற்கு இடமுண்டு. புகை சுத்தமாகிறது, சரி. கழுவிய நீர் எங்கே போகிறது? பலவற்றில் நேரே கடலுக்குத்தான். அந்நீர் அமிலத்தன்மை உள்ளது. எண்ணெய்ப் பிசுக்கும் உலோகங்களும் கலந்தது. வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கிணற்றில் கொட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எங்களுக்கு இதில் சம்மதமில்லை. சிங்கப்பூர் 2020-இலேயே தன் துறைமுக எல்லைக்குள் இந்நீரை விடத் தடை செய்தது. டென்மார்க்கும் ஸ்வீடனும் 2025 ஜூலை முதல் தங்கள் கடலில் தடை செய்துள்ளன.

ஏமாற்றுபவர்களைப் பிடிப்பது எப்படி? எண்ணெய் நிரப்பும்போதே ஒரு மாதிரி எடுத்து முத்திரையிட்டுக் கப்பலில் வைத்திருக்க வேண்டும். ரசீதை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். இவற்றைவிட எங்களுக்குப் பிடித்தது டென்மார்க்கின் ‘கிரேட் பெல்ட்’ பாலம். பால்டிக் கடலுக்குள் போகும் பெரிய கப்பல்கள் பலவும் அதன் அடியில்தான் நுழைய வேண்டும். பாலத்தில் பொருத்திய கருவி கீழே வரும் புகையை மோந்து, கந்தக டை ஆக்ஸைடுக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு எண்ணெயில் கந்தகம் எவ்வளவு என்று கணித்து விடுகிறது. சந்தேகம் வந்தால் அடுத்த துறைமுகத்தில் அதிகாரிகள் காத்திருப்பார்கள். பாலத்துக்கே மூக்கு வைத்து விட்டார்கள்!

2020-க்குப் பிறகு உலகக் கப்பல்கள் வெளியிடும் கந்தக ஆக்ஸைடுகள் 77 சதவிகிதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 85 லட்சம் டன் குறையும் என்பது கடல்சார் அமைப்பின் கணக்கு. இதோடு கதை முடிந்தது என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். அருட்சகோதரி அவர்கள் அதைப் படித்துவிட்டு, “மேகத்தை விட்டு விட்டீர்களே” என்றார்கள்.

கந்தகத் துகள்களைச் சுற்றி நீராவி படிந்து மேகம் உண்டாகிறது. துகள் மிகுந்தால் துளிகள் சிறிதாகிப் பெருகி, மேகம் இன்னும் வெளுப்பாகிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கப்பல் போன வழியெங்கும் கடல் மேல் வெண்கோடுகள் விழுந்திருப்பதை 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2020-க்குப் பின் அக்கோடுகள் வெகுவாகக் குறைந்து விட்டன. அழுக்குப் புகை ஒரு குடை போலக் கடலைச் சற்றுக் குளிர்வித்து வந்திருக்கிறது. குடையை மடக்கியதும் வெயில் இறங்குகிறது. 2023-உம் 2024-உம் மிகக் கடுமையான வெப்ப ஆண்டுகளாக இருந்ததில் இதன் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னமும் வாதிட்டு வருகிறார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அப்படியானால் பழைய எண்ணெயே இருந்திருக்கலாமே என்றார்கள் சிலர். இழுப்பு நோய்ப் பாட்டியின் பேத்தி மட்டும் எழுந்து, “அப்ப எங்க பாட்டி மூச்சை அடகு வச்சு உலகத்துக்குக் குடை பிடிக்கணுமா?” என்று கேட்டாள். எவரும் பதில் சொல்லவில்லை. கந்தகத் துகள் சில நாட்களில் மழையோடு விழுந்து விடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். பூமியைச் சுட வைப்பது பின்னதுதான். குறைந்த கந்தக எண்ணெயும் எரிந்தால் அவ்வாயுவைத் தரத்தான் செய்கிறது. அதற்கு வேறு வழி தேட வேண்டும். நாங்கள் அவள் பக்கம்.

தோழியின் தந்தை மறுபடியும் கப்பலேறி விட்டார். 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடல் முழுவதும் 0.10 எல்லைக்குள் வந்து விட்டது. ஜிப்ரால்டரை நெருங்கும்போது எண்ணெயை மாற்றி, மாற்றிய நேரத்தையும் இடத்தையும் புத்தகத்தில் குறிக்க வேண்டும். சென்ற வாரம் அவர் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தோழி அதைப் பள்ளிக்கு எழுதிக் கொண்டு வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள்: “இந்தத் தடவை நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டோம். எஞ்சின் நிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லு.”