ஓடும் லொறிக்கு பற்றரி: இலாபமா, நட்டமா?

நுவரெலியாவிலிருந்து எமது தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திற்கு மரக்கறி கொண்டுவரும் நானா ஒருவர் கடந்த வாரம் என் கடைக்கு வந்தார். "தம்பி, ஓடுகிற டீசல் லொறிக்கே பற்றரியும் மோட்டரும் பூட்டி ஹைபிரிட் ஆக்கலாமாமே. வீட்டு நகையை வைத்தாவது செய்துவிடட்டுமா?" என்றார்.

அவரது அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2022 ஆரம்பத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல், அவ்வருடம் ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றபோது அவரது ஒரு லோட் கோவா லொறியிலேயே அழுகியது. அந்தக் கடன் இப்போதுதான் தீர்ந்திருக்கிறது.

இந்த யோசனை அதிகம் பேசப்படுவது பெரிய சுரங்கங்களில்தான். முந்நூறு தொன் வரை சுமக்கும் சுரங்க லொறிகள் பலவற்றில் டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்சாரம் உற்பத்தி செய்ய, சக்கரத்திலுள்ள மோட்டர்கள் ஓடுகின்றன. இறக்கத்தில் அதே மோட்டர்கள் பிரேக்காக மாறி மின்சாரம் தருகின்றன. அதைச் சேமிக்க வழியின்றி, வெறும் வெப்பமாகக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு பற்றரியைப் பூட்டினால் வீணாவது கைக்கு வரும், டீசலும் புகையும் குறையும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

சுவிற்சர்லாந்தில் ஒரு சீமெந்துக் கற்குழியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொமட்சு டம்பர் ஒன்றின் டீசல் எஞ்சினையே கழற்றிவிட்டு பற்றரி பூட்டினார்கள். அது வெறுமையாக மலை ஏறி, 65 தொன் வரை கல்லோடு இறங்குகிறது. ஏறச் செலவாகும் மின்சாரத்தில் பெரும் பங்கை இறக்கமே திருப்பித் தந்துவிடுகிறது.

பாரம் கீழ்நோக்கி வரவேண்டும் என்பதே இதன் சூட்சுமம். நானாவின் லொறியும் அப்படித்தான் வருகிறது! றம்பொட வளைவுகளிலும் பலகடுவ இறக்கத்திலும் பிரேக் கருகும் வாசனையை அறியாத சாரதி நம்மில் யார்?

கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தோம். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு உயர வித்தியாசம் சுமார் 1,700 மீற்றர். 5 தொன் மரக்கறி அவ்வளவு இறங்கும்போது அந்தப் பாரத்தில் மட்டும் 23 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. பாதி கைக்கு வந்தாலே பெரிய விடயம். அது எஞ்சினில் ஏறக்குறைய மூன்று லீற்றர் டீசல் செய்யும் வேலை. ஆனால் பற்றரியின் பாரத்தையும் ஒவ்வொரு முறையும் மேலே சுமக்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 சமதரையில் ஓடுபவருக்கு இந்த மூன்று லீற்றரும் இல்லை.

இன்னொரு செய்தியையும் நானாவிடம் சொன்னேன். சுரங்க லொறிகளை மாற்றியமைத்துவந்த அமெரிக்காவின் பெர்ஸ்ட் மோட் நிறுவனத்தின் பெரும் பங்குதாரராக இருந்தது ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கொம்பனி. முக்கிய வாடிக்கையாளராக இருந்ததும் அதுவே. 2022இல் தென்னாபிரிக்காவில் ஹைட்ரஜனும் பற்றரியும் சேர்ந்த லொறியைக் காட்டி உலகை வியக்க வைத்தார்கள். பின்னர் டீசல் ஹைபிரிட் பக்கம் திரும்பினார்கள். 2024 டிசம்பரில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தார்கள். மறுவருடம் பெப்ரவரியில் அதன் சொத்துக்களை கம்மின்ஸ் வாங்கியது. தொழில்நுட்பம் பிழைத்துக்கொண்டது, முதல் போட்டவர் நிலைதான் வேறு. அவ்வளவு பெரிய கொம்பனியே தாங்காதபோது, வீட்டு நகை எம்மாத்திரம்?

பூட்டித் தருபவர் நாளை கடையை மூடினால் உதிரிப்பாகம் யார் தருவார்? பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்? மாற்றியமைத்த வாகனத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களமும் காப்புறுதிக் கொம்பனியும் ஏற்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள் என்றேன். நானாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ஆயினும் ஒரு விடயத்துக்கு இணங்கினார். ஒரு மாதத்துக்கு ஏற்றத்துக்கு எத்தனை லீற்றர், இறக்கத்துக்கு எத்தனை லீற்றர் என்று தனித்தனியாகக் குறித்து வருவதாகச் சொல்லிவிட்டு, கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அதற்குக் காசு வாங்கவில்லை.