மென்பொருளை நீக்கினால் வைஃபை ஏன் போகிறது?

ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு 2020 மார்ச் 18 மறக்க முடியாத நாள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடியது. அலுவலக வேலையில் இருந்த பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். நிறுவனத்தின் கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்பு கொள்ளச் சொந்த மடிக்கணினியிலேயே விபிஎன் மென்பொருளை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. பிறகு வேலை மாறுகிறது. மடிக்கணினி பிள்ளைகள் கைக்குப் போகிறது. 'இனி இது எதற்கு?' என்று மென்பொருளை நீக்குகிறார்கள். கணினியை மறுபடி திறந்தால் வைஃபை இல்லை!

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள். "அண்ணே, ஃபார்மேட் பண்ணினாத்தான் சரியாகும்" என்று பதில் வரும். ஃபார்மேட் செய்தால் சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் நகல் எடுத்து வைக்காத திருமணப் படங்கள், பிள்ளையின் பள்ளி வேலைகள், பல்கலைக்கழக மாணவரின் பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் அதோடு போய்விடும். குழாயில் ஒரு மரை கழன்றதற்கு வீட்டை இடித்துக் கட்டுவது போன்ற வேலை இது.

சமையலறைக் குழாயை நினைத்துப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் குழாயை நடுவில் வெட்டி, அங்கே ஒரு தண்ணீர் வடிகட்டியைப் பொருத்துகிறோம். சில ஆண்டுகள் கழித்து வடிகட்டி வேண்டாம் என்று கழற்றி எடுக்கிறோம். வெட்டிய இரண்டு முனைகளையும் யார் சேர்ப்பது? சேர்க்காவிட்டால் தெருக் குழாயில் தண்ணீர் வந்தாலும் வீட்டுக்குள் சொட்டுக்கூட வராது. வைரஸ் தடுப்பு மென்பொருளும் விபிஎன்னும் இப்படித்தான் கணினிக்குள் உட்காருகின்றன. வைஃபை அட்டைக்கும் இணைய உலாவிக்கும் நடுவில் புகுந்து, போகிற வருகிற தகவலையெல்லாம் சோதிக்கின்றன. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் போகும்போது குழாயைச் சேர்த்துவிட்டுப் போகும். எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டவை அல்ல.

இது புதிய தொல்லையும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இலவசம் என்று வந்த விளம்பர மென்பொருள்கள், வின்சாக் என்னும் பகுதியில் சங்கிலிக் கண்ணிபோலத் தங்களைக் கோத்துக்கொள்ளும். ஒரு கண்ணியைப் பிடுங்கினால் முழுச் சங்கிலியும் அறுந்து இணையம் நின்றுவிடும். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான், ஒரே கட்டளையில் அதைச் சீராக்கும் வசதியை மைக்ரோசாப்ட் சேர்த்தது. எக்ஸ்பியில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மடிக்கணினித் தயாரிப்பாளர் கொடுத்த வைஃபை நிர்வாக மென்பொருளை நீக்கியபின், விண்டோஸ் தானாகப் பொறுப்பை ஏற்காமல் சும்மா இருந்துவிடுவதுண்டு. ஒரு சிறு கட்டத்தில் அடையாளம் போட்டால் போதும், வேலை முடிந்தது! அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவித்தவர்களே அதிகம்.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதும் இதே கதை. பழைய விபிஎன் மென்பொருள் இருந்த சில கணினிகளில், விண்டோஸ் 10-க்கு மாறியதும் வைஃபை மட்டுமல்ல, கம்பி இணைப்பும் போனது. விபிஎன்னோடு வந்த வடிகட்டி ஒன்று உள்ளே தங்கிவிட்டதுதான் காரணம். அதைப் பிடுங்கி எறியும் வழியை மைக்ரோசாப்டே வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகளில் இருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் விவகாரம் வெடித்தது. மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் கணினியிலேயே இருந்தது. ஆக, நீக்கினோம் என்பதும் நீங்கிவிட்டது என்பதும் வேறு வேறு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைப்பேசிக்கும் இணையம் இல்லையென்றால் மடிக்கணினியைக் குறை சொல்ல வேண்டாம். மோடத்தையோ இணையச் சேவையையோ பார்க்க வேண்டும். கைப்பேசியில் கிடைத்து மடிக்கணினியில் மட்டும் இல்லையென்றால், விமானப் பயன்முறை தவறுதலாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடப்பதுதான்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி: வைஃபை இணைந்தும் இணையம் வரவில்லையா, அல்லது வைஃபை பொத்தானே காணாமல் போய்விட்டதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

இணைந்திருக்கிறது, ஆனால் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால், முதல் சந்தேகம் பிராக்ஸி மேல். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் பிராக்ஸி என்று ஒன்று இருக்கும். அதில் 127.0.0.1 என்ற முகவரி இருந்தால், உலாவி இந்தக் கணினிக்குள்ளேயே இருந்த ஒரு காவலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். காவலாளியை நீக்கியாகிவிட்டது, அவர் நாற்காலி மட்டும் வாசலில் கிடக்கிறது. அந்தப் பிராக்ஸியை நிறுத்திவிட்டால் பல வேளைகளில் அப்போதே சரியாகிவிடும்.

அடுத்தது டிஎன்எஸ். இணையத்தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் அது. மலேசியாவில் 2024 செப்டம்பரில் இதுபற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. கூகள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களுக்கே திருப்பிவிடும் திட்டத்தை, எதிர்ப்புக்குப்பின் செப்டம்பர் 8-ஆம் தேதி அமைச்சர் நிறுத்தி வைத்தார். அப்படிப்பட்ட நேரங்களில் டிஎன்எஸ் எண்ணைக் கையால் மாற்றியவர்களும், விபிஎன் ஏற்றிப் பிறகு நீக்கியவர்களும், அந்த எண் இன்னும் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடலாம். சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. கட்டளைத் திரையில் பிங் என்று எழுதி 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லையென்றால், கோளாறு டிஎன்எஸ்ஸில்தான்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து, நெட்ஷ் வின்சாக் ரீசெட் என்று தட்டுங்கள். நெட்ஷ் என்பது என், இ, டி, எஸ், எச் என்ற ஐந்து எழுத்து. வின்சாக்கை டபிள்யூ, ஐ, என், எஸ், ஓ, சி, கே என்று எழுத வேண்டும். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 2004-இல் வந்த அதே கட்டளை இன்றைய விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தான் உண்டு. இது 2016-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்டது. வைஃபை அட்டையைக் கழற்றி மறுபடி மாட்டியதுபோல எல்லாவற்றையும் புதிதாக அமைத்துவிடும். படங்களையும் கோப்புகளையும் தொடாது. சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் மட்டும் போய்விடும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்கியபின் வந்த கோளாறு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. புதிய மடிக்கணினியோடு சோதனைக் காலத்துக்கு வரும் இவ்வகை மென்பொருளைத்தான் பலரும் முதலில் நீக்குகிறார்கள். மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் ஆகியவை தங்கள் மிச்சம் மீதியைத் துடைத்தெடுக்கவே தனிக் கருவியை இலவசமாகத் தருகின்றன. வழக்கமான நீக்கல் முறை போதாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வைஃபை பொத்தானே இல்லாத நிலை வேறு. அங்கே பெரும்பாலும் டிரைவர் போயிருக்கும், அல்லது டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்னும் சேவை நின்றிருக்கும். சேவைப் பட்டியலில் அதை முடுக்கிவிடலாம். டிரைவர் போயிருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து இறக்க வேண்டும். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, யூஎஸ்பி டெதரிங் வசதியைத் திறந்துவிடுங்கள். கைப்பேசியின் இணையம் கம்பி வழியே மடிக்கணினிக்கு வந்துவிடும். மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய டிரைவரையே எடுங்கள். டிரைவரைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் தெரியாத தளங்களுக்குப் போனால், நீக்க வேண்டிய மென்பொருள் இன்னும் இரண்டு கூடும்.

எதுவும் பலிக்காதபோது சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் நீக்குவதற்கு முந்திய நாளுக்குக் கணினியைத் திருப்பலாம். அந்த வசதி முன்பே முடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் திரும்பிப்போக ஒரு நாள் இருக்கும். சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். அந்த நாளுக்குப் பிறகு ஏற்றிய மென்பொருள்கள் மட்டும் போகும். அதன் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கோப்புகளை ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். நிறுவனம் கொடுத்த மடிக்கணினியாக இருந்தால் இவற்றில் எதையும் தொடாமல் அலுவலகத்தின் கணினிப் பிரிவைக் கூப்பிடுங்கள்; அவர்கள் வைத்த வடிகட்டியை அவர்களே கழற்றட்டும்.