‘ஐ5 கம்ப்யூட்டர் 12 ஆயிரம்தான்’ என்கிறார்களா? குறைந்த பட்ஜெட்டில் அசெம்பிள் செய்யும் முன் காரைக்கால்காரர்கள் கவனிக்க வேண்டியவை

காலேஜ் சேரும் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருப்பது 25 ஆயிரம். இழுத்துப் பிடித்தால் 30 ஆயிரம். லேப்டாப் என்றால் இந்தப் பணத்துக்கு சுமாரானதுதான் வரும், டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால் நாலைந்து வருஷம் தாங்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான். ஆனால் எந்தப் பாகத்தில் காசைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பத்துக் கடை ஏறி இறங்கலாம், ஏதாவது சரியில்லை என்றால் மறுநாளே போய் நிற்கலாம். காரைக்காலில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். தலைநகர் புதுச்சேரிக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எனவே இங்கே ஒரு பாகத்தைத் தப்பாக வாங்கினால், பாகத்தின் விலையோடு பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் சேர்ந்து போகும்.

ரேம் விலை ஏன் இப்படி எகிறியது?

பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கடைக்குப் போனால் முதல் அதிர்ச்சி ரேமில்தான். 2025 நடுவில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. உலகத்தின் ரேம் சிப்களில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள்தான் தயாரிக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கும் மெமரியில் லாபம் அதிகம். அதனால் தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த ‘க்ரூஷியல்’ பிராண்டையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது.

வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ரேம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதைப் போடக்கூடிய மதர்போர்டாகப் பார்த்து வாங்கினாலே சில ஆயிரம் மிச்சம். டிடிஆர்3 என்றால் பயன் இல்லை. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

‘தம்பி, ஐ5 சிஸ்டம்!’

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். “ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் புதுசு, 12 ஆயிரம்தான்” என்று சொல்லும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ப்ராசஸரின் முழுப் பெயர் என்ன?

ஐ5-3470 என்று பதில் வந்தால், அந்த 3 என்பது மூன்றாம் தலைமுறை. அதாவது 2012 இல் வந்தது. ஐ5-2400 என்றால் 2011. கூடவே வரும் எச்61 மதர்போர்டு பெட்டியைப் பிரித்தால் பளபளவென்றுதான் இருக்கும். பழைய ப்ராசஸர்களுக்காகப் பெயர் தெரியாத நிறுவனங்கள் இன்னமும் அந்த போர்டைத் தயாரிக்கின்றன. மேலே உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர் பெரும்பாலும் ஏதோ ஒரு அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துவிட்டு வந்ததாக இருக்கும்.

2022 ஜனவரியில் வந்த ஐ3-12100 பெயரில் ‘ஐ3’ என்று இருந்தாலும் அந்தப் பழைய ஐ5-ஐவிட சுலபமாக இரண்டு மடங்கு வேகம் தரும். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டும்தான். கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பார்க்காமல் ‘ஐ5’ என்று மட்டும் கேட்டு வாங்குவது, வண்டியின் வருஷத்தைக் கேட்காமல் பிராண்டை மட்டும் கேட்டு வாங்குவது போல.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எச்61 சிஸ்டத்திலும் சுற்று வழியில் ஏற்றித் தருவார்கள். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. இந்த சிஸ்டத்தை லினக்ஸ் போட்டு டைப்பிங் பழக மட்டும் என்று தெரிந்தே வாங்குவது வேறு விஷயம். நாலு வருஷப் படிப்புக்கு இதை நம்பக் கூடாது.

ஒரே எழுத்தில் மாறும் கதை

பட்ஜெட் சிஸ்டத்தில் தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இடமில்லை. ப்ராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். ஐ3-12100-இல் இருக்கிறது. விலை கம்மி என்று ஐ3-12100எஃப் வாங்கினால் இல்லை. மானிட்டரில் படமே வராது. ஏஎம்டி-யில் இதற்கு நேர்மாறு: ரைசன் 5 5600ஜி-இல் அந்த ‘ஜி’ இருப்பதால் கிராஃபிக்ஸ் உண்டு, ரைசன் 5 5500-இல் கிடையாது.

இரண்டில் எது? ஆறு கோர் உள்ள 5600ஜி வீடியோ எடிட்டிங்குக்கும் கொஞ்சம் கேமுக்கும் தாங்கும். டேலி, எக்செல், பைத்தான், சி ப்ரோக்ராமிங் என்றால் நாலு கோர் 12100 தாராளம். மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டி-யில் போடலாம். 5600ஜி-க்கு பி450 போன்ற பழைய ஸ்டாக் போர்டைத் தந்தால், பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லி அங்கேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

ரேமில் 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக இருந்தால் கிராஃபிக்ஸ் வேகம் நன்றாகக் கூடும். டிடிஆர்4-3200 ஒன்று வினாடிக்கு 25.6 ஜிபி வரை டேட்டா கடத்தும், இரண்டு சேர்ந்தால் 51.2. இப்போதைய விலையில் முதலில் ஒன்று வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொன்று சேர்ப்பதிலும் தப்பில்லை. ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்டு வாங்காதீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி அளவில் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும். நல்ல ப்ராசஸரையும் மந்தமாக்கும் ஒரு பாகம் இதுதான்.

உப்புக்காற்றும் கரன்ட்டும்

சென்னை, பெங்களூரு வீடியோக்களில் பெரும்பாலும் பேசாத பகுதி இது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியும் கேட்டும் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று காரைக்காலில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே உப்பும் ஈரமும்தான் கேபினட் தகட்டிலும் மதர்போர்டின் செம்புக் கோடுகளிலும் வேலை செய்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே சிபியு-வை வைப்பதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்னை குறையும். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆன் செய்யாமல் மூடி வைப்பதுதான் அதிக ஆபத்து. ஓடும்போது வரும் வெப்பம் உள்ளே ஈரம் படியவிடாது. திடீரென்று டிஸ்ப்ளே வரவில்லை என்றால், சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி அதன் தங்க நிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் அவர் முதலில் செய்வது இதைத்தான்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்-இல் ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது உண்மையா என்று சோதித்தவர் யாரும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி சிஸ்டம் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. எனவே பெரிய வாட் தேவையில்லை, ‘80 ப்ளஸ்’ சான்று பெற்ற தரமான 400 அல்லது 450 வாட் போதும். மட்டமான எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது டெல்டா கரையோரம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அளவுக்குப் போக வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையிலேயே கரன்ட் போய்ப் போய் வரும். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். ஃபைலை சேவ் செய்து முறையாக ஷட் டவுன் செய்ய அது தாராளம்.

செகண்ட் ஹேண்ட் சரிப்படுமா?

ரேம் விலை இப்படி இருக்கும்போது, சரிப்படும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகளில் ரேமும் எஸ்எஸ்டி-யும் சேர்ந்தே வரும். ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11-க்கும் தகுதி உண்டு. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இவற்றில் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்தந்த கம்பெனி வடிவம். கெட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்ட முடியாமல் போகலாம். பின்னாளில் கிராஃபிக்ஸ் கார்டு போடும் ஆசை இருந்தால் புதிதாக அசெம்பிள் செய்வதே நல்லது.

மானிட்டருக்குப் பணம் போதவில்லையா? எச்டிஎம்ஐ உள்ள வீட்டு டிவியிலேயே சில மாதம் ஓட்டலாம். வைஃபை பட்ஜெட் மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது, தனியாக யூஎஸ்பி டாங்கிள் வாங்க வேண்டும். அதுவரை மொபைலை கேபிளில் இணைத்து நெட் எடுக்கலாம். விண்டோஸ் லைசென்ஸ் வாங்க முடியாதவர்கள் திருட்டு ஆக்டிவேஷனுக்குப் பதில் லினக்ஸ் பக்கம் போகலாம். சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது, தமிழிலும் இயங்கும்.

பில் இல்லாமல் கம்மி விலையா?

‘பாண்டிச்சேரி என்றால் வரி கம்மி’ என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கம்ப்யூட்டர் பாகங்களில் அந்தக் கணக்கு 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்துவிட்டது. காரைக்காலில் வாங்கினாலும் கும்பகோணத்தில் வாங்கினாலும் 18 சதவீதம்தான். பில் வேண்டாம் என்று சொல்லி அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தால், மூன்று வருஷ வாரன்டியும் கையை விட்டுப் போகும் வாய்ப்பு அதிகம்.

பில்லில் வெறும் ‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று எழுதித் தந்தாலும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்க வேண்டும். கேபினட்டை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதையும் பெட்டிகளில் உள்ள ஸ்டிக்கர்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் ப்ராசஸர் பெயரும் ரேம் அளவும் தெரியும். பில்லில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.