ஆம்ப்ளிபயர் இரைகிறதா? எர்த் கம்பியில் கை வைக்காதீர்கள்!

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் ஓய்வதில்லை. "உம்ம்..." என்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கிறது. பழைய ரேடியோகிராமோ வால்வு ஆம்ப்ளிபயரோ வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை இதுதான். அப்பா காலத்துப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, செல்போன் பாட்டை அதில் கேட்க நினைக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்தியத்தைச் சிலர் சொல்லித் தருவார்கள். மூன்று பின் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றி விடுவது. பல சமயம் சத்தம் அடங்கியும் விடும். அதுதான் வம்பு! டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் என்றாவது ஒரு நாள் பழுதானால், சேசிஸ் எனப்படும் இரும்புத் தட்டு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். எர்த் சரியாக இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால், பெட்டியைத் தொட்டவரின் உயிர் போகும்.

காதே மீட்டர்

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதே பாதி சொல்லிவிடும். வீட்டு மின்சாரம் 50 சைக்கிள். அதை டி.சி.யாக மாற்றும்போது சரியாக வடிகட்டாமல் மிஞ்சும் அலை 100 சைக்கிள். இரண்டுக்கும் ஒரு ஸ்தாயி வித்தியாசம். தம்பூராவில் மந்தரக் கம்பிக்கும் சாரணைக் கம்பிக்கும் உள்ள தூரம். மேல் சுருதி கேட்டால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அடிக்குரல் என்றால் ஹீட்டர் கம்பி, எர்த் இணைப்பு, பக்கத்து டிரான்ஸ்பார்மர் இவற்றில் ஒன்று.

அடுத்து வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தம் குறையாமல் அப்படியே இருந்தால், கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது. அடங்கிவிட்டால் முன்னால். அப்படியானால் உள்ளே வரும் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். இப்போது சத்தம் இல்லையா? ஆம்ப்ளிபயர் மேல் குற்றமே இல்லை. டி.வி., கம்ப்யூட்டர் போன்றவை வேறொரு பிளக்கில் எர்த் ஆகி, ஆடியோ ஒயர் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்துடன் சேர்ந்து ஒரு வளையமாகி இருக்கலாம். அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்சாரமே இரைச்சல். எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகினாலே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடையில் போடலாம். எர்த்தைக் கழற்றாமலே வளையம் அறுந்துவிடும்.

ஒயரே இல்லாமலும் இரைந்தால் கோளாறு பெட்டிக்குள். இங்கே ஓர் எச்சரிக்கை. வால்வுகளின் பெயர் யு.எல். 84, யு.ஒய். 85 என்று 'யு'வில் தொடங்கினால், அது ஏ.சி./டி.சி. வகை. அதன் சேசிஸ் மின்சார லைனுடனேயே நேராக இணைந்திருக்கக்கூடும். அதில் செல்போனைச் செருகவே கூடாது. எர்த் கம்பியைச் சேர்க்கவும் முயலக் கூடாது. ரேடியோ மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மற்ற செட்டுகளில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதல் வால்வை, பெரும்பாலும் இ.சி.சி. 83, எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் அந்த வால்வோ அதன் ஒயரிங்கோ காரணம். ஜாலஹள்ளி பி.இ.எல். தொழிற்சாலை ஒரு காலத்தில் தயாரித்த வால்வுகள் பழைய செட்டுகளில் இன்னும் ஓடுகின்றன. வேறொரு வால்வைப் போட்டும் தீரவில்லையானால் ஹீட்டர் கம்பிகளைப் பாருங்கள். 6.3 வோல்ட் ஏ.சி. ஓடும் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கி, சிக்னல் கம்பியை விட்டு விலகிச் செல்ல வேண்டும். ஹீட்டருக்கு நடு இணைப்பு இல்லாவிட்டால், இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சேசிசுக்குப் போடுவது பழைய பழக்கம். நல்ல பலன் தரும்.

காய்ந்த கண்டென்சர்

ஆனால் பழைய பெட்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்தான். உள்ளே இருக்கும் ரசாயனம் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துவிடும். எஸ்.பி. ரோட்டில் 47 மைக்ரோ பாரட், 450 வோல்ட் என்று கேட்டு வாங்கலாம். பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இ.இசட். 80 ரெக்டிபயர் வால்வுக்கு அடுத்த முதல் கண்டென்சர் 50 மைக்ரோ பாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வு போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளால் அதன் முனைகளில் மாட்டி, மீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பதும் உண்டு. அதில் எர்த் இல்லாததாலேயே இரைச்சல் வரலாம். பெட்டியைத் திறக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக்கைச் சோதித்துவிடுங்கள். எர்த் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு, பிறகு ஆம்ப்ளிபயரைப் பார்க்கலாம்.