இப்னு ஃபழ்லான் கண்ட மார்புப் பேழைகள்

ஹிஜ்ரி 309ஆம் ஆண்டில் (கி.பி. 921) அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிர், வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் மன்னருக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அஹ்மத் இப்னு ஃபழ்லான் இடம்பெற்றிருந்தார். அங்கு வணிகத்திற்கு வந்திருந்த ரூஸ் மக்களை அவர் கண்டார். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிழக்கே வந்த வைக்கிங்குகளே இவர்கள் என்பது வரலாற்றறிஞர் பலரின் முடிவு. இவர்தம் பெண்கள் மார்பின்மீது ஒரு பேழை அணிந்திருந்தனர்; கணவனின் செல்வநிலைக்கேற்ப அது இரும்பு, செம்பு, வெள்ளி, பொன் என வேறுபட்டது; அதன் வளையத்தில் கத்தியொன்று தொங்கியது என எழுதுகிறார் இப்னு ஃபழ்லான். 10,000 திர்ஹம் சேர்த்தவன் மனைவிக்கு ஒரு கழுத்து வளையம் செய்தளிப்பான் என்றும் குறிக்கிறார்.

பேழை என்று அவர் கண்டது யாது? சுவீடனின் பிர்கா நகரில் யால்மர் ஸ்டோல்பே 19ஆம் நூற்றாண்டில் அகழ்ந்த ஏறத்தாழ 1,100 கல்லறைகள் விடை தருகின்றன. பெண்களின் கல்லறைகளில் முட்டையோட்டைப் பாதியாக அறுத்தாற்போன்ற, உட்குழிந்த செப்புக்கலவை ஊக்குகள் கிடைத்தன. அவர் ஒருமையில் கூறினாலும் இவை இணையாகவே அணியப்பட்டவை. உள்ளங்கை நீளமுடைய இவ்வூக்குகள், மேலாடையின் முன்பின் வார்களைத் தோளுக்குச் சற்றுக் கீழே இணைத்துப் பிடித்தன. இரண்டிற்கும் இடையே மணிச்சரங்கள்; கீழே கத்தி, சாவி, ஊசிக்கூடு. புறத்தோற்றத்தை மட்டுமே கண்ட அயலவருக்கு இது பேழையாகத் தோன்றியதில் வியப்பில்லை. உட்புற இரும்பு ஊசியின் துருவில் ஒட்டிய நூலிழைகளே, மக்கிப்போன ஆடைகளைப் பற்றி இன்று நாம் அறிவதற்குப் பெருந்துணையாக உள்ளன.

மணிச்சரங்களில் கீழை நாட்டுச் செம்மணிக் கற்களும், துளையிட்டுத் தொங்கவிட்ட திர்ஹம்களும் காணப்படுகின்றன. கலிமா பொறித்த நாணயம் அங்கே அணிகலனாயிற்று!

இத்தகைய தொடர்புகளை மிகைப்படுத்தும் ஆவலும் நம்மவரிடம் உண்டு. பிர்காவின் பட்டு நாடாவில் 'அல்லாஹ்' என நெய்யப்பட்டுள்ளதாக 2017இல் வந்த செய்தியைப் பலர் மகிழ்ந்து பரப்பினர். அவ்வகைச் சதுரக் கூஃபி எழுத்து பரவியது பல நூற்றாண்டுகள் பின்னரே என இஸ்லாமியக் கலை வரலாற்றறிஞர் மறுத்ததை அறிந்தோர் சிலரே.

மறுபுறம், பிர்காவின் 9ஆம் நூற்றாண்டுப் பெண் கல்லறையொன்றில் கிடைத்த வெள்ளி மோதிரத்தின் கல்லில் கூஃபி எழுத்து உள்ளது. 'அல்லாஹ்வுக்காக' எனப் படிக்கலாம் என்பர் ஆய்வாளர். 2015இல் வெளியான ஆய்வு, செவ்வந்திக் கல் எனக் கருதப்பட்ட அது வண்ணக் கண்ணாடியே எனக் காட்டியது. அணிந்தவள் முஸ்லிம் என்பதற்கு இது சான்றாகாது. அவளுடன் ஸ்காண்டிநேவிய அணிகலன்களே இருந்தன. எனினும் பொற்கொல்லன் அராவிய தடங்கள் மோதிரத்தில் இன்னும் தேயாதிருக்கின்றன. பல கைகள் மாறாமலேயே அது வடபுலம் சேர்ந்திருக்க வேண்டும்.